நகர்வும் அதன் கட்டுப்பாடும்: பொறியியலையும் பொருளாதாரத்தையும் ஒரே ஆய்வேட்டில் எடுக்கலாமா?

கட்டுப்பாட்டுப் பொறியியலில் முதுநிலைப் படிப்பை முடித்துவிட்டு ஆய்வுப் படிப்பில் சேர்ந்திருக்கும் நீங்கள் கேட்டிருப்பது இது: கருவிகளிலும் உற்பத்தி முறைகளிலும் அளவு சிறிது சிறிதாக விலகிக்கொண்டே போவதை நாம் டிரிஃப்ட் என்று சொல்லும் நகர்வும், பொருளாதாரத்தில் விலைமட்டத்துக்கும் பணவீக்கத்துக்கும் சொல்லப்படும் நகர்வும் ஒன்றுதானா, ஒன்றுதான் என்றால் இரண்டின் கட்டுப்பாட்டையும் ஒரே ஆய்வேட்டில் எடுத்துக்கொள்ளலாமா, எடுத்துக்கொண்டால் எங்கிருந்து தொடங்குவது. கணக்கைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பொறியியலில் நகர்கிற பொருளுக்கு உங்கள் கட்டுப்பாட்டு விதி தெரியாது; பொருளாதாரத்தில் நகர்கிறவர்கள் அந்த விதியைப் படித்துவிட்டுத் தங்கள் போக்கை மாற்றிக்கொள்வார்கள். ஆய்வுக்குரிய இடம் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அதை விளக்குவதற்கு, இரண்டுக்கும் பொதுவான கணக்கை முதலில் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

நகர்வு எல்லாம் ஒரே வகை அல்ல. அளவு முன்கூட்டியே துல்லியமாகத் தெரிந்த நகர்வுக்கு, விளைவை அளந்து அதைக்கொண்டு திருத்தும் பின்னூட்டமே தேவையில்லை. ஜி.பி.எஸ். செயற்கைக்கோளில் உள்ள அணுக் கடிகாரம், ஈர்ப்பு குறைந்த உயரத்தில் இருப்பதால் நாளொன்றுக்குச் சுமார் 45 மைக்ரோ வினாடி முந்துகிறது. வேகமாகச் சுற்றுவதால் சுமார் 7 மைக்ரோ வினாடி பிந்துகிறது. நிகரமாக 38 மைக்ரோ வினாடி முந்தும். சார்பியல் கோட்பாட்டிலிருந்தே இந்த எண் கிடைத்துவிடுவதால், 10.23 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்க வேண்டிய கடிகாரத்தை ஏவுவதற்கு முன்பே 10.22999999543 மெகாஹெர்ட்ஸில் வைத்துவிடுகிறார்கள். அதே கடிகாரத்தில் மிஞ்சி நிற்கும், முன்கூட்டிச் சொல்ல முடியாத சிறு அலைவுகளுக்குத்தான் தரைநிலையங்கள் இடைவிடாமல் அளந்து திருத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஆய்வேடுகளில் அடிக்கடி காணும் குழப்பம், இவ்விரண்டுக்கும் ஒரே கணித மாதிரியை எழுதிவிடுவது. ஒவ்வொரு சுற்றிலும் மாறாத அளவு கூடிக்கொண்டே போகும் நேர்கோட்டு நகர்வு, தொடர்பற்ற அதிர்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து உருவாகும் சமவாய்ப்பு நடை, இரண்டும் கலந்தது என்று மூன்றையும் தொடக்கத்திலேயே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு முடிவும் இதில் எதை எடுத்துக்கொண்டீர்கள் என்பதைப் பொறுத்தே அமையும்.

1924 மே மாதத்தில் வால்டர் ஷுஹார்ட் எழுதிய ஒரு சிறு குறிப்பிலிருந்துதான், உற்பத்தியின் அளவுகள் எல்லைக்குள் இருக்கின்றனவா என்று காட்டும் கட்டுப்பாட்டு வரைபடம் பிறந்தது. ஒரு முறைமையில் எப்போது கை வைக்கலாம் என்பதைவிட, எப்போது கை வைக்கக் கூடாது என்பதைத்தான் அது முதலில் கற்றுத்தந்தது. எட்வர்ட்ஸ் டெமிங் தம் வகுப்புகளில் காட்டிய புனல் சோதனை இதையே இன்னும் கூர்மையாகச் சொல்கிறது. மேசை மீது ஒரு குறி. அதற்கு மேலே ஒரு புனல். புனல் வழியாகக் கோலிகுண்டு விழுந்து குறிக்கு அருகில் எங்கேயோ நிற்கிறது. புனலை அசைக்காமல் விட்டால் ஒரு குறிப்பிட்ட சிதறல் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் கடைசிப் பிழையை ஈடுகட்டும்படி புனலை எதிர்ப்பக்கம் நகர்த்தினால், விலக்க வர்க்கச் சராசரி சரியாக இரண்டு மடங்காகிறது. டெமிங்கின் நான்காவது விதி, குண்டு கடைசியாக நின்ற இடத்துக்கு நேர் மேலே புனலைக் கொண்டுபோய் வைப்பது. அப்படிச் செய்தால் குண்டு சமவாய்ப்பு நடையில் மேசையை விட்டே போய்விடும். இந்த நான்காவது விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மத்திய வங்கிகளைப் பற்றிப் பேசும்போது அது திரும்பத் தேவைப்படும்.

புனல் சோதனையில் நகர்வு கிடையாது, வெறும் இரைச்சல்தான். நகர்வும் சேர்ந்திருக்கும்போது கை வைக்காமலும் இருக்க முடியாது. 1954இல் பேஜ் கூட்டுத்தொகை வரைபடத்தையும், 1959இல் ராபர்ட்ஸ் பழைய தரவுக்கு எடை குறைந்துகொண்டே போகும் நகரும் சராசரியையும் முன்வைத்தது சிறு நகர்வுகளைச் சீக்கிரம் கண்டுபிடிக்கத்தான். இரண்டாவதை ஈ.டபிள்யூ.எம்.ஏ. என்று சொல்வது வழக்கம். கண்டுபிடிப்பதற்கென்று வந்த அந்தச் சராசரி, பிறகு கட்டுப்படுத்துவதற்கும் பயன்பட்டது.

குறைக்கடத்தி ஆலைகளில் வேஃபர் எனும் மெல்லிய சிலிக்கான் வில்லையின் மேற்பரப்பை வேதிக் குழம்பும் பேட் எனும் சுழலும் தேய்ப்புத் திண்டும் கொண்டு தேய்த்துச் சமப்படுத்தும் சி.எம்.பி. என்ற கட்டத்தை எடுத்துக்கொள்வோம். பேட் தேயத் தேய, நிமிடத்துக்கு எவ்வளவு படலம் அகற்றப்படுகிறது என்ற வேகம் குறைந்துகொண்டே வரும். தேய்த்து முடித்த பிறகே தடிமனை அளக்க முடிகிறது என்றால், ஒரு வேஃபரில் கண்ட பிழையை அடுத்த வேஃபருக்கான செய்முறையில்தான் திருத்தலாம். இதற்கு ரன்-டு-ரன் கட்டுப்பாடு என்று பெயர். கண்ட பிழையில் லாம்டா என்ற ஒரு பங்கை மட்டும் திருத்திக்கொள்ளும் ஈ.டபிள்யூ.எம்.ஏ. கட்டுப்பாட்டின் நிலைத்தன்மையை 1993இல் இங்கோல்ஃப்சன், சாக்ஸ் ஆகிய இருவரும் ஆராய்ந்து வெளியிட்டார்கள். அதிலிருந்து ஒரு கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். இரைச்சலின் திட்ட விலக்கம் 10 அலகு என்றும், பேட் தேய்வதால் ஒவ்வொரு சுற்றிலும் 1 அலகு நகர்வு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சலால் வரும் பங்கு, இரைச்சலின் விலக்க வர்க்கச் சராசரியை இரண்டால் பெருக்கி, இரண்டிலிருந்து லாம்டாவைக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால் கிடைக்கும். நகர்வால் வரும் நிலையான பின்தங்கல், அதாவது இலக்கிலிருந்து எப்போதும் மிஞ்சி நிற்கும் விலகல், நகர்வை லாம்டாவால் வகுத்தால் கிடைக்கும். லாம்டா 0.1 என்றால் முதல் பங்கு சுமார் 105, பின்தங்கல் 10 அலகு, அதன் வர்க்கம் 100, ஆக மொத்தம் 205. லாம்டா 1 என்றால் முதல் பங்கு 200, இரண்டாவது 1, மொத்தம் 201. இடையில் 0.3 என்று வைத்தால் மொத்தம் ஏறத்தாழ 129 மட்டுமே. சோம்பலும் பதற்றமும் ஏறத்தாழ ஒரே அளவு நட்டத்தைத் தருகின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு எனக்குத் தெரியவில்லை. லாம்டா 1 எனும்போது வரும் 200 என்பது டெமிங்கின் இரண்டு மடங்குதான் என்பதையும் கவனித்திருப்பீர்கள்.

எந்த லாம்டாவை எடுத்தாலும் அந்தப் பின்தங்கல் மட்டும் சுழியாகாது. நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போகும் இடையூற்றை பிழைகளைக் கூட்டிக்கொண்டே போய்த் திருத்தும் ஒற்றைத் தொகையீட்டுக் கட்டுப்பாட்டால் முழுவதும் துடைக்க முடியாது என்று நீங்கள் இளநிலையிலேயே படித்ததுதான் இது. அதனால் 1994இல் பட்லர், ஸ்டெஃபானி ஆகியோர் பாலிசிலிக்கான் அரிப்பு முறையில், நகர்வின் அளவையே தனியாக மதிப்பிடும் இரண்டாவது வடிகட்டியைச் சேர்த்தார்கள். பின்தங்கல் மறைந்தது, ஆனால் இரைச்சலுக்கு எதிர்வினை கூடியது. பேட் மாற்றப்பட்டவுடன் நகர்வு சட்டென்று முறியும்போது, பழைய சரிவையே நம்பிக்கொண்டிருக்கும் இந்த இரண்டாவது வடிகட்டி சில சுற்றுகளுக்குத் தவறான திசையிலேயே இழுக்கும்.

இப்போது பொருளாதாரத்துக்கு வருவோம். 1956இல் பிலிப் கேகன் மிகைப் பணவீக்கத்தை ஆராய்ந்தபோது, மக்கள் தங்கள் பணவீக்க எதிர்பார்ப்பைக் கண்ட பிழையில் ஒரு பங்கு மட்டும் திருத்திக்கொள்கிறார்கள் என்று எழுதினார். சமன்பாட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அது ஈ.டபிள்யூ.எம்.ஏ.யேதான். இப்படிப்பட்ட சராசரி எப்போது சிறந்த முன்கணிப்பாகிறது என்பதை 1960இல் ஜான் மூத் நிறுவினார்: மறையாத அதிர்வுகளாலான சமவாய்ப்பு நடையும், வந்து மறையும் இரைச்சலும் கலந்த தொடராக இருந்தால் அதுவே மிகச் சிறந்தது, லாம்டா எவ்வளவு என்பதை அவ்விரண்டின் அளவு விகிதம் முடிவு செய்யும். பாக்ஸ், ஜென்கின்ஸ் ஆகிய இருவரும் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக்குச் சொன்னதும், இரைச்சலுள்ள அளவீடுகளிலிருந்து உண்மை நிலையை மதிப்பிடும் கால்மன் வடிகட்டியில் பிழையை எவ்வளவு திருத்துவது என்பதைச் சொல்லும் நிலைபெற்ற பெருக்கமும் இதே முடிவின் வேறு வடிவங்கள்.

ஆனால் பணவீக்கம் சமவாய்ப்பு நடையாக இல்லாமல் ஆண்டுதோறும் ஒரு சதவீதப் புள்ளி ஏறிக்கொண்டே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லாம்டா 0.25 என்றால், மக்களின் எதிர்பார்ப்பு எப்போதும் 4 புள்ளி பின்தங்கியே இருக்கும். பேட் தேய்மானத்தில் நாம் கண்ட அதே பின்தங்கல். வேலையின்மையை அதன் இயல்பு அளவுக்குக் கீழே நெடுநாள் வைத்திருக்க வேண்டுமானால் பணவீக்கத்தை முடுக்கிக்கொண்டே போக வேண்டியிருக்கும் என்று மில்டன் ஃப்ரீட்மன் 1968இல் வெளியான உரையில் வாதிட்டதற்கு உயிரே இந்தப் பின்தங்கல்தான். மக்கள் ஏமாந்துகொண்டே இருந்தால்தான் அந்த வேலைவாய்ப்பு நிலைக்கும். பேட் தேய்ந்துகொண்டே இருக்கும், தான் ஏமாற்றப்படுவதைக் கவனிக்காது. ஊதிய ஒப்பந்தத்துக்கு மேசையில் உட்காரும் தொழிற்சங்கமோ, தன் கணிப்பு ஒவ்வோர் ஆண்டும் ஒரே பக்கமாக 4 புள்ளி தவறுவதை இரண்டு மூன்று ஒப்பந்தங்களுக்குள் கண்டுகொள்ளும். அது தன் லாம்டாவை உயர்த்தும், அல்லது பட்லர், ஸ்டெஃபானி செய்ததைப் போல நகர்வையே மதிப்பிட்டு முன்கூட்டிக் கேட்கும். அப்போது நகர்வே மாறிவிடுகிறது. ராபர்ட் லூகஸ் 1976இல் வைத்த விமர்சனத்தை ஒரு பொறியாளருக்குச் சொல்வதென்றால் இப்படித்தான் சொல்ல வேண்டும்: முறைமையின் அளவுருக்கள் கட்டுப்படுத்தியின் பெருக்கத்தைச் சார்ந்தவை, ஒரு கட்டுப்படுத்தியின்கீழ் அளந்த முறைமை வேறொரு கட்டுப்படுத்திக்குப் பொருந்தாது. அடுத்த ஆண்டே கிட்லண்ட், பிரெஸ்காட் இருவரும் உகந்த கட்டுப்பாட்டுக் கோட்பாடு பொருளாதாரத் திட்டமிடலுக்குப் பொருந்தாது என்றே வாதிட்டார்கள். அது கொஞ்சம் மிகை என்று நினைக்கிறேன். எதிர்பார்ப்பை முறைமைக்கு உள்ளேயே ஒரு பின்னூட்டமாக எழுதிவிட்டால் கட்டுப்பாட்டுக் கோட்பாடு மீண்டும் பேசத் தொடங்குகிறது; ஆனால் அப்போது அது விளையாட்டுக் கோட்பாட்டுடன் சேர்ந்தே பேச வேண்டியிருக்கும்.

இந்த இரண்டு துறைகளும் எப்போதும் இவ்வளவு தள்ளி இருந்ததில்லை. நியூசிலாந்தில் பிறந்த பில் ஃபிலிப்ஸ் மின்பொறியாளர். 1949இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில், நிறமேற்றிய நீர் குழாய்களிலும் தொட்டிகளிலும் ஓடி நாட்டின் வருமான ஓட்டத்தைக் காட்டும் மோனியாக் இயந்திரத்தைக் கட்டிக்காட்டியவர். வேலையின்மையையும் ஊதிய உயர்வையும் இணைத்து 1958இல் அவர் வரைந்த கோட்டைத்தான் எல்லோரும் அறிவார்கள்; நீங்கள் படிக்க வேண்டியது 1954இல் நிலைப்படுத்தும் கொள்கை பற்றி அவர் எழுதிய கட்டுரை. விகிதக் கட்டுப்பாடு மட்டும் இருந்தால் பிழை மிஞ்சும், தொகையீட்டைச் சேர்த்தால் பிழை போகும் ஆனால் அலைவு வரும், வகையீடு அந்த அலைவைத் தணிக்கும் என்று, இம்மூன்றும் சேர்ந்த உங்கள் பி.ஐ.டி. பாடத்தையே அவர் அதில் அரசின் செலவினத்துக்குப் பொருத்திக் காட்டியிருக்கிறார்.

இனி டெமிங்கின் நான்காவது விதி. 1970களில் அமெரிக்க மத்திய வங்கி பண அளிப்பின் வளர்ச்சிக்கு இலக்கு வைத்தபோது, புதிய இலக்கை முந்தைய இலக்கின் கோட்டிலிருந்து தொடங்காமல், உண்மையில் போய்ச் சேர்ந்த இடத்திலிருந்தே தொடங்கியது. அளவுக்கு மீறிப் போனது அப்படியே மன்னிக்கப்பட்டது. இதைத்தான் பொருளாதார நூல்கள் அடிப்படை நகர்வு என்கின்றன. குண்டு நின்ற இடத்துக்கு மேலே புனலை வைப்பது என்றால் இதுதான். இன்றைய பணவீக்க இலக்கு முறையும் விலைமட்டத்தைப் பொறுத்தவரை இதே வகைதான். 2016இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்கீழ் நம் இலக்கு 4 சதவீதம், இருபுறமும் 2 சதவீதப் புள்ளி இடைவெளி. சென்ற ஆண்டு 6 சதவீதம் ஏறியிருந்தால் இந்த ஆண்டு 2 சதவீதத்துக்கு இறக்கி ஈடுகட்ட வேண்டும் என்று அதில் இல்லை. ஆண்டுப் பிழையின் திட்ட விலக்கம் 1 சதவீதப் புள்ளி என்று கொண்டால், 25 ஆண்டு கழித்து விலைமட்டம் தன் பாதையிலிருந்து விலகியிருக்கும் அளவின் திட்ட விலக்கம் 5 சதவீதம். ஆண்டுகள் ஏற ஏற அதுவும் ஏறும். ஸ்வீடன் 1931இல் விலைமட்டத்தையே இலக்காக அறிவித்துப் பார்த்தது. அமெரிக்க மத்திய வங்கி 2020 ஆகஸ்டில், பழைய குறைவை ஓரளவு ஈடுகட்டும் சராசரிப் பணவீக்க இலக்குக்கு மாறி, 2025 ஆகஸ்டில் அந்த ஈடுகட்டலைக் கைவிட்டது.

ஈடுகட்டும் பங்கைத் தீட்டா என்று அழைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சுழி என்றால் முழு மன்னிப்பு, 1 என்றால் முழு ஈடுகட்டல். தீட்டா 0.1 என்றால், விலைமட்ட விலகலின் திட்ட விலக்கம் எத்தனை ஆண்டு போனாலும் சுமார் 2.3 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. அதற்கு நாம் கொடுக்கும் விலை, ஆண்டுப் பணவீக்கத்தின் விலக்க வர்க்கச் சராசரி 5 சதவீதம் கூடுவது மட்டுமே. தீட்டா 1 என்றால் அது இரண்டு மடங்காகிறது. ஆம், சி.எம்.பி.யில் லாம்டாவுக்கு வந்த அதே வாய்பாடுதான் இங்கே தீட்டாவுக்கும் வருகிறது. ஆனால் இந்தக் கணக்கு, அதிர்வுகளின் அளவு தீட்டாவைச் சார்ந்ததல்ல என்று எடுத்துக்கொள்கிறது. இன்றைய விலையேற்றம் நாளை இறக்கப்படும் என்று நம்புகிறவர்கள் இன்றே குறைவாக ஏற்றுவார்கள் என்றால், தீட்டா கூடக் கூட அதிர்வே சிறுக்கும். விலைமட்ட இலக்கு சில நிலைமைகளில் பணவீக்கத்தின் அலைவையும்கூடக் குறைக்கலாம் என்று 1999இல் லார்ஸ் ஸ்வென்சன் காட்டியதை இந்தப் பின்னணியில் படியுங்கள். நம்பாதவர்கள் எவ்வளவு காலத்தில் நம்பக் கற்றுக்கொள்கிறார்கள், அதுவரை ஆகும் இழப்பு எவ்வளவு என்பது இன்னும் நன்றாக உழப்படாத நிலம் என்றே நினைக்கிறேன்.

தரவு பற்றி இரண்டு எச்சரிக்கைகள். கட்டுப்பாடு நன்றாக வேலை செய்தால் நகர்வு வெளியீட்டில் தெரியாது, உள்ளீட்டில்தான் தெரியும். சி.எம்.பி.யில் தடிமன் வரைபடம் தட்டையாக இருக்கும், தேய்க்கும் நேரம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அதைப் பார்த்துவிட்டு, தேய்க்கும் நேரத்துக்கும் தடிமனுக்கும் தொடர்பே இல்லை என்று முடிவு கட்டுவது பேதைமை. மூடிய சுற்றுத் தரவிலிருந்து முறைமையை மதிப்பிடுவதன் இந்தச் சிக்கலை பாக்ஸ், மெக்ரெகர் ஆகியோர் 1974இலேயே எழுதியிருக்கிறார்கள். ஃப்ரீட்மன் 2003இல் தெர்மோஸ்டாட்டை உதாரணம் காட்டி மத்திய வங்கிக்குச் சொன்னதும் இதுவே. வட்டி விகிதத்துக்கும் பணவீக்கத்துக்கும் தொடர்பு பலவீனமாகிவிட்டது என்று சொல்லும் எந்த ஆய்வையும் முதலில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டே படிக்க வேண்டும்.

இரண்டாவது, அளவுகோலே நகர்வது. வெப்பத்தை அளக்கும் உணரியான வெப்ப இணை பழசாகித் தவறாகக் காட்டினால், கட்டுப்படுத்தி மிகுந்த விசுவாசத்துடன் உலையைத் தவறான வெப்பத்தில் நிறுத்திவைக்கும். 1996இல் அமெரிக்காவின் பாஸ்கின் குழு, அங்குள்ள நுகர்வோர் விலைக் குறியீடு பணவீக்கத்தை ஆண்டுக்கு 1.1 சதவீதப் புள்ளி மிகையாகக் காட்டுகிறது என்று மதிப்பிட்டது. இங்கே, 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட குறியீட்டில் உணவு, பானங்களின் எடை 45.86 சதவீதம், அது 2011-12 செலவினக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. அந்தக் கணக்கெடுப்பில் 52.9 சதவீதமாக இருந்த ஊரகக் குடும்பங்களின் உணவுச் செலவுப் பங்கு 2022-23 கணக்கெடுப்பில் 46.38 சதவீதமாக இறங்கியிருந்தது. பழைய எடையைக் கொண்டே பல ஆண்டு வட்டி விகிதத்தை முடிவு செய்துவந்தோம் என்பதை ஓர் உணரியின் நகர்வாக எழுதிப் பார்த்தவர் அதிகமில்லை; ஆய்வேட்டில் ஓர் இயலுக்கு அது தாங்கும்.

புள்ளியியல் சோதனைகளை அளவுக்கு மீறி நம்பாதீர்கள். அமெரிக்காவின் 14 பொருளாதாரத் தொடர்களைச் சோதித்து, வேலையின்மை தவிர மற்றவற்றில் சமவாய்ப்பு நடையை மறுக்க முடியவில்லை என்று 1982இல் நெல்சன், ப்ளாசர் இருவரும் சொன்னார்கள். 1929ஆம் ஆண்டின் முறிவை மட்டும் அனுமதித்தால் அவற்றில் பெரும்பாலானவை நேர்கோட்டு நகர்வாகவே தெரிகின்றன என்று 1989இல் பியர் பெரோன் காட்டினார். பேட் மாற்றிய நாள் ஆலைப் பதிவேட்டில் இருக்கும். பொருளாதாரத்துக்கு அப்படி ஒரு பதிவேடு கிடையாது. அதனால் எந்த வகை நகர்வு என்று தீர்ப்புச் சொல்வதைவிட, இரண்டிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும் கட்டுப்பாட்டு விதியைத் தேடுவது நல்லது.

எனவே தலைப்பை இப்படி வைத்துக்கொள்ளலாம்: கட்டுப்பாட்டு விதியைக் கற்றுக்கொள்ளும் நகர்வின்கீழ் ஈடுகட்டும் பங்கை எவ்வளவு வைப்பது. வழிகாட்டியிடம் போவதற்கு முன் ஒரு சிறிய உருவகப்படுத்தலை எழுதிப் பாருங்கள். முதலில் கற்காத பேட். அதில் மேலே சொன்ன 205, 129, 201 ஆகிய எண்கள் வருகின்றனவா என்று சரிபாருங்கள். பிறகு பேடின் இடத்தில், தன் கடந்த பிழைகளைப் பார்த்துத் தன் லாம்டாவையே மாற்றிக்கொள்ளும் விலை நிர்ணயிப்பவர்களை வைத்து, தீட்டாவை 0, 0.1, 0.3, 1 என்று மாற்றி ஓட்டுங்கள். தீட்டாவை ஓட்டத்தின் நடுவில் அறிவிக்காமல் மாற்றும்போது என்ன ஆகிறது என்பதைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். வழிகாட்டி முதலில் கேட்கப்போவது அந்த வரைபடத்தைத்தான்.